தையல் லைனுக்கும் சங்கம் வேண்டும்

கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தில் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 2021 பெப்ரவரியில் கைவிட்டது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்றது அதற்குப் பெருங்காரணம். அதே துறைமுக அதிகாரசபையின் கீழுள்ள திருகோணமலைத் துறைமுகத்திலும் சங்கம் என்பது புதுச் சொல்லல்ல. ஆனால் துறைமுகத் தொழிலாளியின் மகள் காமென்ட்ஸுக்குப் போனால் கதை வேறு.

போர் முடிந்தபின் வடக்கு, கிழக்குப் பெண்கள் பலர் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வேலை தேடிப் போனார்கள். பிறகு தொழிற்சாலைகளே கிழக்குக்கு வரத் தொடங்கின. வேலை ஊருக்குப் பக்கத்தில் வந்தது நல்லதுதான். ஆனால் அங்கே வாய் திறக்கும் உரிமை?

லைனில் சட்டைக்குக் கை பொருத்துகிறவர் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் அவருடைய மெஷின் முன்னால் துணி குவிந்துவிடும். மணிக்கணக்கில் டார்கெட், பின்னால் சுப்பர்வைசர். பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஒருநாள் நின்றால் வருகைக் கொடுப்பனவில் கை வைப்பார்கள். இதையெல்லாம் பேசத்தான் ‘ஊழியர் சபை’ இருக்கிறதே என்பது நிர்வாகங்களின் பதில். நிர்வாகத்தோடு ஒரே மேசையில் இருந்து குறை சொல்லலாம். ஆனால் வெளியிலிருந்து துணைக்கு வர ஆளில்லாத சபையில் யார் துணிந்து பேசுவார்?

சங்கம் அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தொழிலாளர்களில் 40 வீதமானோரைக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. சிக்கலும் அந்த 40இல்தான். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில், மேன்பவர் ஏஜென்சி மூலம் நாட்கூலிக்கு வருவோரும் கலந்திருக்க, கணக்கு எப்படித் தேறும்?

சங்கம் வந்தால் ஓடர் பங்களாதேஷுக்குப் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் தமிழ்நாட்டின் திண்டுக்கல்லைப் பார்க்கட்டும். அங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன் தொடர்ச்சியாக மறு ஆண்டு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொழிற்சாலை உரிமையாளரோடு உடன்படிக்கை செய்தது. எச் அண்ட் எம் உட்பட வாங்கும் நிறுவனங்களும் தனித்தனியே கையெழுத்திட்டன. லைனில் வேலை செய்யும் பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றினார்கள். உரிமையாளர் வாக்குத் தவறினால் ஓடரில் கை வைக்கும் கடப்பாடு வாங்குபவருக்கு வந்தது.

இலங்கைக்கும் அப்படியொரு பிடி உண்டு. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை, சங்கம் சேரும் உரிமை உட்பட 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது. மனித உரிமைக் காரணங்களால் 2010இல் பறிபோன சலுகை 2017இல்தான் திரும்பியது. சங்கத்தை நசுக்குவதே ஓடருக்கு ஆபத்து.

ஆகவே கிழக்கில் இனித் திறக்கும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் முதலீட்டுச் சபை நிபந்தனை போடவேண்டும்: சங்கப் பிரதிநிதி உள்ளே வர அனுமதி, 40 வீத வரம்பைக் குறைக்கும் வரை சிறு சங்கத்தோடும் பேச்சு, சம்பளச் சீட்டும் முறைப்பாட்டுப் படிவமும் தமிழிலும் சிங்களத்திலும். மூவின மக்களும் ஒரே லைனில் அமரும் திருகோணமலையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.