அரக்குப் பூச்சுக்கு ஒரு வக்காலத்து

சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், முன்னறையில் இருக்கும் என் பழைய ரெக்கார்டு பிளேயரின் மரப்பீடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதுக்குப் பி.யு. ஸ்பிரே அடிச்சிருந்தா கண்ணாடி மாதிரி நின்னிருக்கும். இந்தக் காலத்துல யாராவது அரக்குப் பாலிஷ் போடுவாங்களா?" என்று கேட்டார். காப்பி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முப்பத்தேழு வருஷம் கோப்பு எழுதியவனுக்குச் சுருக்கம் வராது.

முதலில் மேற்படி யந்திரத்தைப் பற்றி. தோரன்ஸ் கம்பெனியின் டி.டி. 124. சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் பகுதியில் சேந்த்-க்ருவா என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே செய்தது. 1957-ல் இந்த மாடல் வந்தது. தட்டு வார்ப்பு இரும்பு, அது மட்டும் நாலரைக் கிலோ. 16, 33, 45, 78 என்று நாலு வேகம். வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஜன்னல், சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க மேலேயே பதித்த ஒரு ரசமட்டம். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தைப் பாட்டுப் பெட்டியில் பதித்திருப்பதைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். என் சித்தப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. காரைக்கால் பக்கம் இருந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். அவர் கொண்டுவந்தது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. டி.டி. 124-ஐயும், அதே காலத்து இங்கிலாந்துச் சரக்கான கேரார்டு 301-ஐயும் பீடம் இல்லாமலேயே விற்றார்கள். யந்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய், நம் ஊர்த் தச்சரிடம் பெட்டி செய்துகொள்ள வேண்டும். பீடத்தைத் தனியாகவும் காசு கொடுத்து வாங்கலாம். நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி பெட்டியோடு பிறந்தவை அல்ல. ஆகவே இந்த யந்திரம் எங்கே போனாலும் அந்த ஊர் மரத்தில், அந்த ஊர்க் கைவேலையில்தான் உட்கார்ந்திருக்கும்.

என் சித்தப்பா வைத்திருந்த பீடம் கரையான் அரித்துப் போயிருந்தது. 2015-ல் ஒரு கடையில் புதிதாகச் செய்து வாங்கினேன். பார்ட்டிகிள் போர்டில் செய்து, மேலே தேக்கு ரேகை அச்சடித்த மைக்கா ஒட்டியிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 2023 டிசம்பர் 17 ராத்திரியை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வந்த தண்ணீர் எங்கள் தெருவில் வடிய நாலைந்து நாளானது. யந்திரம் ஒரு குட்டை மேஜையில் இருந்தது. தண்ணீர் பீடத்தின் பாதி வரை ஏறி நின்றுவிட்டது. யந்திரம் தப்பியது, மேலே இருந்ததால். பீடம் காப்பியில் நனைத்த ரொட்டி மாதிரி ஊதிவிட்டது. திருகாணியைத் திருப்பினால் தூளோடு கையோடு வந்தது. காயவைத்துப் பார்த்தேன், காய்ந்தும் பழைய அளவுக்கு வரவில்லை. மைக்கா ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். அந்தச் சாமானைச் செப்பனிட ஒரு வழியும் இல்லை. தெருவில் குவித்த ஈரப் பாய், மெத்தைகளோடு அதையும் போட்டேன். அன்று தெரு முழுக்கக் கிடந்த அலமாரிகளில் பாதி இதே ரகம். பழைய தேக்கு, வேம்புச் சாமான்கள் வைத்திருந்தவர்கள் கழுவிக் காயவைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். என் கட்சி அன்றே முடிவாகிவிட்டது.

புதுப் பீடத்தைத் தோணி மரத்தில் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைப் பார்த்துப் பார்த்தே என் உத்தியோக காலம் கழிந்தது. 1974-ல் இந்தத் துறைமுகம் பெருந்துறைமுகமான சமயத்தில் வேலைக்கு வந்தவன். 2011-ல் அதற்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள், அந்த வருஷமே நான் ஓய்வு பெற்றேன். உடைத்த தோணியின் பலகை ஒன்று கிடைத்தால் எவ்வளவு பொருத்தம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. தோணி வேலை செய்து இப்போது வீட்டோடு இருக்கும் ஓர் ஓடாவியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"சார், கடல்ல கெடந்த மரம். உப்பு உள்ள ஏறியிருக்கும். மழைக்காலம் வந்தா வேர்க்கும், பாத்துக்கிடுங்க. உள்ள துருப்பிடிச்ச ஆணி வேற கெடக்கும். இழைப்புளி போட்டா அலகு போயிரும். உங்க பாட்டுப் பெட்டிக்கு அது ஆகாது."

"பிறகு எதுல செய்யலாம் அண்ணாச்சி?"

"பழைய வீட்டு உத்தரம் ஒண்ணு பாருங்க. வைரம் பாஞ்சதா இருக்கணும். காஞ்ச மரத்துக்கு அப்புறம்தான் நல்ல மரம், கெட்ட மரம் எல்லாம்."

பழைய மரக்கடையில் இடித்த வீட்டின் உத்தரம் ஒன்று கிடைத்தது. பர்மா தேக்கு என்று கடைக்காரர் சொன்னார். பர்மாவோ மலையாளமோ, அறுத்தபோது எழுந்த எண்ணெய் வாசம் பொய் சொல்லவில்லை. அறுத்த பலகைகளை ஒரு மாதம் நிழலில், இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி வைக்கச் சொன்னார் ஓடாவி. எனக்குப் பொறுமையில்லை, ஆனாலும் வைத்தேன். அதில் ஒரு பலகை வில்லாக வளைந்துவிட்டது. அவசரப்பட்டிருந்தால் அந்த வளைவு பீடத்தில் வந்திருக்கும்.

வேலை பெரிய வேலை அல்ல. ஒன்றரை அங்குலக் கனத்தில் நாலு பக்கச் சட்டம், மோட்டார் கீழே தொங்குவதற்கும் காற்றுப் போவதற்கும் இடம் விட்டு. மூலைகளில் கழுந்தும் துளையும். பசை போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். மூங்கில் ஆணி அடித்தால் இறுகி நிற்கும், என்றைக்காவது பிரிக்க வேண்டுமானால் பின்பக்கமிருந்து தட்டினால் வந்துவிடும். மேல்பலகையைச் சட்டத்தோடு பித்தளைத் திருகாணியால் பிடித்தோம். இந்த ஊர்க் காற்றில் இரும்பு ஆணி நாலு வருஷம் தாங்காது. திருகாணித் துளைகளை வட்டமாகப் போடாமல் கொஞ்சம் நீளவாக்கில் போட்டார். மழைக்கு மரம் அகலத்தில் விரியும், வெயிலுக்குச் சுருங்கும், இடம் கொடுக்காவிட்டால் வெடிக்கும். யந்திரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் காளான் வடிவ ரப்பர் நாலு. மோட்டார் அதிர்வு முள்ளுக்குப் போய்ச் சேராமல் தடுப்பது பாதி அந்த ரப்பர், பாதி பீடத்தின் கனம். அதிர்வு ஏறினால் பாட்டுக்கு அடியில் லாரி தூரத்தில் போகிற மாதிரி ஓர் உறுமல் கேட்கும். பழைய பார்ட்டிகிள் போர்டில் கேட்டுக்கொண்டிருந்தது. இதில் என் காதுக்குக் கேட்கவில்லை. எழுபதைத் தாண்டிய காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடப்பைக் கல்லில் செய்தால் என்ன என்று மகன் போனில் கேட்டான். வெளிநாட்டில் சிலேட்டுக் கல்லில் செய்பவர்கள் இருக்கிறார்களாம். இருக்கட்டும். தூக்கிவைக்க நாலு ஆள் வேண்டும்.

இனி பாலிஷ். இங்கேதான் நண்பரோடு எனக்கு வழக்கு.

நம் ஊர்த் தச்சர்கள் இதைப் பிரெஞ்சு பாலிஷ் என்பார்கள். நான் படித்ததோ பிரெஞ்சு வழியில். அந்தப் பாஷையில் இதற்கு வெர்னி ஓ தம்போன் என்று பெயர், துணிப்பொட்டலத்தால் தேய்க்கும் வார்னிஷ் என்று அர்த்தம். அதில் பிரான்ஸ் என்ற பெயரே கிடையாது. சரக்கும் பிரெஞ்சு அல்ல, நம் நாட்டு அரக்கு. ஜார்க்கண்டுப் பக்கத்துக் காடுகளில் மரக்கிளையில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பது. அதைவிட ஆச்சரியம், நம் காலத்து 78 வேக இசைத்தட்டுகளும் இதே அரக்கில் கல்தூளும் கரியும் கலந்து அழுத்தியவைதான். கல்கத்தா டம்டம் ஆலையில் இருந்து 1960-களில்கூட அவை வந்துகொண்டிருந்தன. வினைல் பிறகு வந்தது.

அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பஞ்சை உருட்டிப் பழைய வேட்டித் துணியில் பொட்டலம் கட்டி, அதில் தொட்டு, எட்டுப் போடுகிற மாதிரி மரத்தில் தேய்க்க வேண்டும். பொட்டலம் ஒட்டினால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். ஒரு கை முடிந்ததும் காய விட்டு, பழைய உப்புத்தாளால் லேசாக வருடிவிட்டு, அடுத்த கை. நான் பதினொரு நாள் தேய்த்தேன். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு வெளுத்துவிடும், அதனால் ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஓடாவி சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது: உப்பளத்தில் உப்பு நன்றாக விளையும் நாளில் பாலிஷும் நன்றாகக் காயும். பங்குனியில் ஆரம்பித்தேன், காலை பத்து மணிக்கு மேல்தான் கை வைப்பேன்.

பி.யு. பலமானது என்பதை நான் மறுக்கவில்லை. சூடு தாங்கும், தண்ணீர் தாங்கும். சாப்பாட்டு மேஜைக்கு அதுவே சரி, என் வீட்டு மேஜைக்கும் அதுதான். ஆனால் அதில் ஒரு கீறல் ஆழமாக விழுந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்தது தெரியாமல் போவது லேசில்லை. பக்கம் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஸ்பிரே அடிக்க ஆளைக் கூப்பிட வேண்டும். அரக்கு பலவீனமானது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், கைக்குப் போடும் சானிடைசர் சொட்டினால் கரையும். அதே பலவீனம்தான் அதன் உபகாரமும். புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப் போட்டது தெரியாது. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் பீடத்தின் ஓரத்தில் ஹார்லிக்ஸ் டம்ளரை வைத்துவிட்டான். மருமகள் பதறினாள். பொட்டலத்தை ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து நாலு இழுப்பு. வளையம் போய்விட்டது. அவனையே இழுக்கச் சொன்னேன், பிடித்துப்போய் மறுநாளும் எங்கே தேய்க்கலாம் என்று கேட்டான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். வினைல் தட்டைத் துடைக்கிற மாதிரி 78 தட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டு ஒன்றை அப்படித் துடைத்து ஒரு நிமிஷத்தில் கெடுத்தேன். அரக்குப் பீடத்துக்கு மருந்தாக இருப்பது அரக்குத் தட்டுக்கு விஷம். 78-க்கு முள்ளும் வேறு, அகலமானது. வினைல் முள்ளைப் போட்டால் பள்ளத்தின் அடியில் ஓடி வெறும் இரைச்சல்தான் வரும். பரணில் பழைய தட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அதே காருகுறிச்சியார் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியோடு வாசித்த தட்டு, நல்லவேளை, துடைக்கப்படாமல் இருக்கிறது.

விலைக்குக் கேட்டு ஆள் வராமல் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒருவர் போனில் சொன்ன தொகை என் மூன்று மாதப் பென்ஷன். மகனுக்குப் பாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. "உங்களுக்கு அப்புறம் இதை யாருப்பா பாத்துக்குவா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் பசை வேண்டாம், பி.யு. வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமானேன். எனக்குப் பிறகு இதைத் திறப்பவன் விஷயம் தெரிந்தவனாக இருப்பான் என்று என்ன நிச்சயம்? ஒரு திருப்புளியும், கொஞ்சம் ஸ்பிரிட்டும், பழைய வேட்டித் துண்டும் இருந்தால் போதும் என்கிற நிலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அதற்காக இன்னொரு வேலையும் செய்தேன். யந்திரத்தோடு வந்த கையேடு பிரெஞ்சில் இருக்கிறது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் என் பிரெஞ்சு யாருக்கும் பயன்பட்டதில்லை. தூத்துக்குடி ஆபீஸில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது உட்கார்ந்து கையேட்டைத் தமிழில் எழுதினேன். எண்ணெய் எங்கே விடுவது, ரப்பர் சக்கரத்தை எப்படிக் கழற்றுவது, வேகத்தை எப்படித் திருத்துவது, ஒன்பது பக்கம். அதோடு ஆபீஸ் வழக்கப்படி ஒரு குறிப்புத் தாளும் வைத்திருக்கிறேன். தேதி, செய்த வேலை, செய்தவர் கையெழுத்து என்று மூன்று பத்தி. இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல்பலகையின் அடிப்பக்கத்தில் கட்டியிருக்கிறது. கடைசியாக உள்ள பதிவு டம்ளர் வளையம் நீக்கியது. கையெழுத்துப் பத்தியில் பேரன் பெயர் இருக்கிறது, இரண்டாம் வகுப்பு எழுத்தில்.