விதைநெல்லும் வேண்டும், மரியாதையும் வேண்டும்

தென்காசி வட்டாரத்தில் மதமாற்றம் என்றாலே மீனாட்சிபுரம்தான் நினைவுக்கு வரும். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. பணத்துக்காக மாறினார்கள் என்று பலர் குற்றம்சாட்டினர். ஆனால் மாறியவர்களில் நிலம் உள்ளவர்களும் படித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் சாதி இழிவு. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, மரியாதையும் வேண்டும் என்பதே அந்த ஊர் சொன்ன செய்தி.

அப்படியானால் மரியாதை மட்டும் போதுமா? 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசரும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்ற அம்பேத்கரும் புத்தரை நாடியது தியானத்துக்காக மட்டுமல்ல. புத்தர் வறுமையைப் புனிதமாக்கவில்லை என்று அம்பேத்கர் அழுத்தமாக எழுதினார்.

அதற்குச் சான்று பாலி நூல்களிலேயே உண்டு. நாட்டில் திருட்டு பெருகிவிட்டது. அரசன் பெரும் வேள்வி நடத்த நினைக்கிறான். கூடதந்த சூத்திரத்தில் வரும் புரோகிதர் அவனைத் தடுக்கிறார். தண்டனையால் திருட்டு ஒழியாது; உழுபவருக்கு விதையும், வணிகருக்கு முதலும், அரசுப் பணியாளருக்குக் கூலியும் கொடு என்கிறார். சிகாலோவாத சூத்திரமோ முதலாளியின் கடமைகளைப் பட்டியலிடுகிறது: சக்திக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, உரிய ஓய்வு.

சிற்றாற்றுப் பாசன வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும், குற்றாலம் சீசனில் விடுதியில் பாத்திரம் கழுவும் இளைஞருக்கும் இந்த நான்கும் கிடைக்கின்றனவா? தம்மம் நம் ஊரில் கேட்கும் கேள்வி இதுதான்.

மாணவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. 1990-இல் சட்டம் திருத்தப்பட்டபின், பௌத்தம் ஏற்ற பட்டியல் சாதியினருக்கும் இடஒதுக்கீடு தொடர்கிறது. இஸ்லாமோ கிறிஸ்தவமோ ஏற்றவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. மரியாதை தேடிப் போகிறவரிடம் சலுகையைப் பறிக்கும் இந்தப் பாகுபாடு நியாயமா என்பதும் விவாதிக்க வேண்டியதே.

நிலத்துக்கு வருவோம். 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டுகளுக்கு அதை விற்கக்கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டோர் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் தமிழகமெங்கும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. உங்கள் ஊரில் அப்படி நிலம் உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். கல்லூரி மாணவர் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு விடுமுறையில் முடிகிற வேலை.

புத்தர் சிலைக்குப் பூப்போடுவது எளிது. அவர் சொன்ன விதைநெல்லைக் கேட்டுப் பெறுவதுதான் கடினம், அவசியமும்கூட.