கேலியை நிறுத்துங்கள், பிழையைத் திருத்துங்கள்

2019 ஜனவரியில் அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் இறங்கிய கமலா ஹாரிஸ், தம் ஹோவர்டு பல்கலைக்கழக நாள்களைக் குறிப்பிட்டபோது, அவையிலிருந்த, அவர் அங்குச் சேர்ந்த கறுப்பின மாணவியர் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் பெண்கள் தங்கள் வழக்கப்படி குரலெழுப்பினார்கள். அங்கிருந்த பெரிய நாளிதழ் ஒன்றின் நிருபர் அதைக் கிறீச்சிடல் என்று சமூக ஊடகத்தில் எழுதினார். தலைமுறைகளாக அச்சங்கத்தார் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் ஒலி அது. குலவையைக் கேட்டு இரைச்சல் என்று முகம் சுளிப்பதைப் போன்ற அநாகரிகம் இது.

பழியை அந்த ஒருவர்மீது மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. கறுப்பின மாணவர் சங்கங்கள் என்றாலே அமெரிக்கத் திரைக்கும் செய்தி அறைகளுக்கும் கைவசம் இருப்பவை தாளமிட்டு ஆடும் கூட்டம், பணக்கார வீட்டு மேட்டிமை, எந்தச் சங்கத்தில் சேர எந்தத் தோல்நிறம் வேண்டும் என்ற கதை ஆகியவைதான். போதாததற்குத் தெருக்கும்பல் என்ற பட்டம் வேறு.

வெள்ளையர் சங்கங்கள் கதவடைத்த காலத்தில், 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் நீதிபதி தர்குட் மார்ஷலும் அதன் உறுப்பினர்கள். 1913 ஜனவரியில் ஹோவர்டில் 22 மாணவியர் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினர். மார்ச் 3-ஆம் தேதியே வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தனர். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்று உடன் போராடியவர்களிலேயே சிலர் சொன்ன ஊர்வலம் அது. 1935-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, மருத்துவர் டாரதி ஃபெரபி தலைமையில் மிசிசிப்பிக்கு மருத்துவக் குழுவை அனுப்பியது. கூலிகளை மருத்துவ முகாமுக்கு விட மாட்டோம் என்றனர் பருத்தித் தோட்ட முதலாளிகள். அந்தப் பெண்களோ மருந்துகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே போனார்கள். இதையா மேட்டிமை என்கிறீர்கள்?

தனிச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் அலபாமா பல்கலைக்கழகத்தைப் பார்க்கட்டும். நிறத்தைக் காட்டிக் கறுப்பின மாணவியரை வெள்ளையர் சங்கங்கள் ஒதுக்கியதை அங்குள்ள மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது 2013-இல்தான்.

சங்கங்களும் புனிதமானவை அல்ல. புதியவர்களை வதைக்கும் வழக்கம் உயிர்களைப் பறித்திருக்கிறது. சேர்க்கைக்கு முந்தைய சோதனைக் காலத்தை 1990-இல் ஒழித்த பிறகும் அந்த வதை திரைமறைவில் தொடர்ந்தது. அதைக் கண்டிக்க நமக்குத் தயக்கமில்லை. ஆனால் வெள்ளையர் சங்கத்தில் நடந்தால் சில இளைஞர்களின் குற்றம், கறுப்பினச் சங்கத்தில் நடந்தால் ஓர் இனத்தின் குணம் என்று எழுதும் ஓரவஞ்சனையை ஏற்க முடியாது.

துளசேந்திரபுரத்தின் பேத்தி என்று கமலாவைக் கொண்டாடிய நம் பத்திரிகைகளும் விலக்கல்ல. தாத்தா ஊரின் கோயில் அபிஷேகத்துக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, கல்லூரியில் அவர் சேர்ந்த சங்கத்துக்குக் கொடுத்தோமா?

அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவுகளில் இருக்கும் இழிசொற்களுக்குத் திருத்தக் குறிப்பு இட வேண்டும். ஒன்பது பெரிய கறுப்பின மாணவர் சங்கங்களின் வரலாறு தெரிந்தவர்கள் ஆசிரியர் குழுவில் இருக்க வேண்டும். அடுத்த தேர்தல் பிரசாரம் தொடங்கும்வரை இதைத் தள்ளிப்போடக் கூடாது.