புலி பார்த்தீர்களா?

நாக்பூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை வந்தால் இரண்டு சோதனைகள். ஒன்று வெயில். மற்றொன்று, அந்த வெயிலையும் பொருட்படுத்தாமல் ஊரிலிருந்து வந்து இறங்கும் உறவினர். முன்பெல்லாம் ராம்டேக் கோவிலையும் தீட்சா பூமியையும் காட்டி, கையில் இரண்டு பெட்டி ஆரஞ்சு பர்ஃபியைக் கொடுத்து ரயிலேற்றிவிட்டால் கடமை முடிந்துவிடும். இப்போது, "பெஞ்ச் காட்டுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று ஊரில் ரயில் ஏறுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுகிறார்கள். தவறில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு புலிகள் காப்பகம் இருக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

எனக்கு வருத்தமெல்லாம், போய்த் திரும்பியவர்களிடம் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வியைப் பற்றியதுதான். "புலி பார்த்தீர்களா?" பார்த்தோம் என்றால் பயணம் வெற்றி. இல்லை என்றால், "அடடா, பணம் வீணாகிவிட்டதே" என்று துக்கம் விசாரிப்பதுபோல ஒரு முகம். இந்தக் கேள்வி சாதாரணமாகத் தோன்றினாலும், காட்டுக்குள் அது செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல.

எப்படி என்று சொல்கிறேன். திறந்த ஜிப்சியில் ஆறு பேர், ஓர் ஓட்டுநர், ஒரு வழிகாட்டி. வண்டியை விட்டு இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பாதையை விட்டு வண்டி விலகக் கூடாது. விதிகள் இவ்வளவுதான். அவற்றை எல்லோருக்கும் வாயிலிலேயே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வாயில் தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வருகிறது: "ஷேர் திகாவோ பையா, ஏக் ஹஸார் இனாம்!" புலியைக் காட்டு, ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று. சென்ற கோடையில் எங்களுக்கு அடுத்து நின்ற வண்டியில் இதை என் காதாலேயே கேட்டேன். அதற்குப் பிறகு அந்த ஓட்டுநர் காட்டைப் பார்த்து ஓட்டவில்லை. ஆயிரம் ரூபாயைப் பார்த்து ஓட்டினார். புழுதி பறந்தது. குளக்கரையில் நின்ற மான்கள் சிதறின. அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? கூலிக்கு ஓட்டுகிறவர். அவர் வீட்டிலும் பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கும்.

இந்த இனாம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் ஊர்ப் பக்கத்திலேயே பார்த்துவிட்டோம். 2024 டிசம்பர் 31 அன்று, உம்ரேட்-பவ்னி-கர்ஹாண்ட்லா சரணாலயத்தின் கோத்தங்காவ் பகுதியில், ஒரு பெண் புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் ஜிப்சிகள் இருபுறமும் சூழ்ந்துகொண்டன. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள், அபராதமும் விதிக்கப்பட்டது. சரியான நடவடிக்கைதான். ஆனால் வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னே விடச் சொல்லித் தூண்டுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பணம் கொடுக்கிற கை பின் இருக்கையில் அல்லவா இருக்கிறது!

வாசக அன்பர்கள், "அப்படியானால் காட்டுக்கே போகக் கூடாது என்கிறீரா?" என்று கேட்கலாம். நிச்சயம் இல்லை. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், நெறிமுறைகள் வகுக்கப்பட்ட பின், தடை நீங்கியது. சுற்றுலாவை நம்பிப் பல கிராமத்துக் குடும்பங்கள் பிழைக்கின்றன. மக்கள் நேசிக்காத காடு நிலைக்காது. பார்க்காமல் நேசம் வராது. 2006 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் 1,411 என்று மதிப்பிடப்பட்ட புலிகள், 2022 கணக்கெடுப்பில் 3,682 ஆகப் பெருகியிருக்கின்றன. பெஞ்சிலேயே, கழுத்துப் பட்டை அணிந்திருந்ததால் 'காலர்வாலி' என்று அழைக்கப்பட்ட ஒரு பெண் புலி, எட்டுப் பிரசவங்களில் 29 குட்டிகளை ஈன்று, 2022 ஜனவரியில் முதுமையில் இறந்தது. அதற்கு மாலையிட்டு, சிதை மூட்டி, கைகூப்பி நின்றார்கள் அங்குள்ளவர்கள். ஆகவே புலியைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமல்ல. அந்த ஆசைக்கு விலை நிர்ணயிப்பதுதான் குற்றம்.

போன கோடையில் அம்பாசமுத்திரத்திலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகள் எட்டாம் வகுப்பு. மாலைச் சவாரியில் புலி வரவில்லை. மைத்துனருக்கு முகம் வாடிவிட்டது. "என்ன அத்தான், இவ்வளவு தூரம் வந்தும் இப்படி ஆயிட்டுதே!" என்றார். பெண்ணோ வழிகாட்டியைக் கேள்வி கேட்டே துளைத்துக்கொண்டிருந்தாள். மரத்தின் மேல் கருமுகக் குரங்குகள் இலையும் காயும் உதிர்க்க, அடியில் புள்ளிமான்கள் மேய்வதைக் காட்டினார் அவர். உச்சியில் இருக்கும் குரங்குக்குக் கண் கூர்மை, கீழே நிற்கும் மானுக்கு மூக்கு கூர்மை. எது முதலில் ஆபத்தை அறிந்தாலும் மற்றதற்கும் எச்சரிக்கை. "அப்போ ரெண்டும் கூட்டாளி, இல்லையா மாமா?" என்றாள். தேக்கு மரங்களுக்கிடையே பேய்போல வெளுத்து நின்ற குல்லு மரத்தையும், மகுவா மரத்தையும் காட்டினார். மகுவா வேறெதுவுமில்லை, நம் ஊர் இலுப்பைதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நாம் பழமொழி சொல்லிக்கொண்டிருக்கிறோம். கோண்டு மக்கள் இன்றும் வெயில் ஏறுமுன் அந்தப் பூவைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். நாம் நுழையும் துரியா சாதாரண வாயிலும் அல்ல. 1930 காட்டுச் சத்தியாக்கிரகத்தில், காட்டில் தங்களுக்குள்ள உரிமைக்காகத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பெண்கள் உட்படச் சிலர் உயிர்விட்ட ஊர் அது. இவ்வளவும் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டு "ஒன்றும் பார்க்கவில்லை" என்று திரும்பினால் அதற்குப் புலியா பொறுப்பு?

இன்னொன்றும் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து மதுரை, சேலம் வழியாக வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் நாக்பூரைத் தாண்டி பெஞ்ச் காட்டின் ஊடே சிவனிக்குப் போகிறது. அங்கே விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்கென்றே சாலையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். 750 மீட்டர் நீளப் பாலமும் உண்டு. தானியங்கிக் கேமராக்களில் புலிகள் அவற்றின் அடியில் நடந்துபோவது பதிவாகியிருக்கிறது. மேலே காரில் போகிற நம் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத புலிக்காக இவ்வளவு சிமெண்டும் கம்பியும் செலவழித்திருக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய காரியம்! நாக்பூரில் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி பெஞ்ச் ஆற்றுத் தண்ணீர். என் மைத்துனர் வீட்டில் குடிக்கும் தாமிரபரணியும், 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு-முண்டந்துறைக் காட்டில் பிறந்து வருவதுதான். புலியை நாம் பார்க்காவிட்டாலும், அது வாழும் காடு தினமும் நம் செம்பை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

ஆகையால் நம் சங்கத்தாருக்கு மூன்று யோசனைகள். முதலாவது, இனாம் கொடுப்பதானால் புலி வந்தாலும் வராவிட்டாலும் ஒரே தொகை. அதை வாயிலைத் தாண்டும் முன்பே ஓட்டுநரிடமும் வழிகாட்டியிடமும் சொல்லிவிட வேண்டும். "புலி வராவிட்டாலும் பரவாயில்லை, மெதுவாகப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் தோளிலிருந்து ஒரு சுமை இறங்குவதைக் கண்ணால் காணலாம். இரண்டாவது, சங்கத்தின் சார்பில் குழுவாகப் போகும்போது, முன்னே நிற்கும் வண்டியை முந்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்று முடிவெடுக்கலாம். மூன்றாவது, திரும்பி வரும் குழந்தைகளிடம் "புலி பார்த்தாயா?" என்று கேட்காமல், "என்னென்ன பார்த்தாய்?" என்று கேட்போம். பத்து நிமிடமாவது பதில் சொல்வார்கள். நாமும் காது கொடுத்துக் கேட்போம்.

புலி வந்தால் சந்தோஷம். வராவிட்டால், எங்கோ மூங்கில் நிழலில் யார் தொந்தரவும் இல்லாமல் படுத்திருக்கிறது என்று பொருள். அதுவும் நல்ல செய்திதானே!