பீச் பக்கம் புதுப்பித்த குட்டி வீடு விற்பனைக்கு... ஆனால் 2028 நவம்பருக்குப் பிறகு? பார்சிலோனா பழைய நகரத்தில் என்ன நடக்கிறது?

சுமார் 35 சதுர மீட்டர், நம்ம கணக்கில் 375 சதுர அடி. ஒரு படுக்கையறை, ஹாலோடு சேர்ந்த சமையலறை, தெருவைப் பார்த்த சின்ன பால்கனி. 'முழுவதும் புதுப்பிக்கப்பட்டது, பீச்சுக்கு நடந்தே போகலாம்' என்று கீழே ஒரு வரி. ஸ்பெயினின் பார்சிலோனாவில், சியூதாத் வெல்லா எனப்படும் பழைய நகரப் பகுதியில் வீடு தேடுபவர்களுக்கு இந்த மாதிரி விளம்பரம் பழகிப்போன ஒன்று.

போட்டோவில் எல்லாம் பளிச். ஆனால் இப்படிப்பட்ட சில வீடுகளின் விலையில் பெரிய பங்கு போட்டோவில் தெரியாத ஒரு காகிதத்துக்கு. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் உரிமம்தான் அது. அந்தக் காகிதத்துக்குத்தான் இப்போது நாள் குறித்திருக்கிறார்கள்.

10,101 உரிமங்கள்... ஒன்றுகூட நீட்டிக்கப்படாது!

2024 ஜூனில் பார்சிலோனா மேயர் ஜவுமே கொல்போனி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நகரில் உள்ள 10,101 சுற்றுலா வாடகை வீட்டு உரிமங்களையும் நீட்டிக்கப் போவதில்லை, 2028 நவம்பரோடு எல்லாம் முடிகிறது என்றார். 10 ஆண்டுகளில் வாடகை 68 சதவீதமும், வீட்டு விலை 38 சதவீதமும் ஏறிவிட்டது என்பது அவர் அப்போது சொன்ன கணக்கு.

ஏன் 2028? கட்டலோனியா மாகாண அரசு 2023 நவம்பரில் கொண்டுவந்த சட்டம்தான் காரணம். வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம், அதன்பிறகு உள்ளாட்சி விரும்பினால் மட்டுமே தொடரலாம் என்றது அந்தச் சட்டம். பார்சிலோனா 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. எதிர்க்கட்சியான மக்கள் கட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச்சில் அந்த மனு தள்ளுபடி ஆனது.

'தடை போட்டால் திருட்டுத்தனமாக வாடகைக்கு விடுவதுதான் பெருகும்' என்பது சுற்றுலா வீட்டு உரிமையாளர் சங்கமான அபார்த்தூரின் வாதம்.

இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2014-க்குப் பிறகு நகரில் இந்த உரிமம் புதிதாகக் கிடைப்பதில்லை. அதனால் உரிமம் உள்ள வீட்டுக்கு ஒரு தனி கிராக்கி உருவானது. பக்கத்து வீடும் அதே அளவுதான், ஆனால் உரிமம் இருந்தால் விலையே வேற. இன்றைக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பவர் வாங்குவது 2028 நவம்பர் வரைக்குமான வருமானத்தை மட்டும்தான்.

வீடு ஏன் இவ்வளவு சின்னது?

பழைய நகரத்தின் கடலோரப் பகுதி பார்சிலோனெட்டா. 1753-ல் ராணுவப் பொறியாளர் ஹுவான் மார்ட்டின் செர்மேனியோ போட்ட திட்டப்படி, அளவெடுத்த மாதிரி நேர்நேரான தெருக்களோடு கட்டப்பட்டது. கீழ்த்தளமும் ஒரு மாடியும் கொண்ட, ஒரு குடும்பத்துக்கான வீடுகள். மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடியிருந்த இடம். பின்னாளில் கூட்டம் பெருகப் பெருக மாடிகள் உயர்ந்தன, வீடுகள் பாதியாகின, பாதியும் பாதியானது. இதற்குக் கட்டலான் மொழியில் 'குவார்ட் தெ காசா' என்று பெயர். அதாவது, கால் வீடு!

கால் வீட்டில் ஒரு மீனவக் குடும்பமே வாழ்ந்தது. அதே கால் வீடுதான் வார இறுதிக்கு வரும் ஜோடிக்குக் கச்சிதமான ரூமாக மாறியது. 2014 ஆகஸ்டில் சில இத்தாலியச் சுற்றுலாப் பயணிகள் ஆடையே இல்லாமல் இந்தத் தெருக்களில் சுற்றிய படம் வெளியானதும் குடியிருப்பவர்கள் கொதித்துப்போய் தெருவில் இறங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2024 ஜூலையில், பயணிகள் மேல் வாட்டர் கன் அடித்த வீடியோ நம்ம ஊர் போன்கள் வரைக்கும் வந்தது ஞாபகம் இருக்கலாம்.

உரிமம் போனால் இந்த வீடுகள் உள்ளூர்க் குடும்பங்களுக்குத் திரும்பிவிடுமா? அவ்வளவு சுலபமில்லை. நாலு பேர் உள்ள குடும்பம் இன்று 375 சதுர அடியில் இருக்காது. தனியாக இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பயன்படலாம். ஆனால் பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, ஒடுக்கமான செங்குத்துப் படிதான். வயதானவர்கள் பாடு திண்டாட்டம்.

மாத வாடகைக்கு விடலாமே?

விடலாம். ஆனால் 2024 மார்ச் முதல் பார்சிலோனாவில் வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. முந்தைய வாடகையையோ அரசின் குறியீட்டையோ வைத்துத்தான் தொகையைப் போட வேண்டும். இதிலிருந்து தப்பிக்க, சில மாதங்களுக்கு மட்டும் எனப் போடும் 'சீசன்' ஒப்பந்தங்கள் பக்கம் பலர் நகர்ந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் வேலையிலும் கட்டலோனியா இறங்கியது.

வீடு வாங்கினால் விசா என்ற கணக்கும் இனி இல்லை. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் கிடைத்துவந்த கோல்டன் விசாவை ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3-ல் நிறுத்திவிட்டது.

'புதுப்பிக்கப்பட்டது' என்றால் எது?

பெயின்ட், டைல்ஸ், கிச்சன், ஏசி. பெரும்பாலும் இவ்வளவுதான். கூரை, வெளிச்சுவர், உத்தரம், கழிவுநீர்க் குழாய் எல்லாம் மொத்தக் கட்டடத்துக்கும் பொது. பழைய நகரத்தில் பல கட்டடங்கள் மர உத்தரத்தில் நிற்பவை. புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங் அழகுக்கு மட்டுமல்ல, அரித்துப்போன உத்தரத்தையும் அது மறைத்துவிடும். நாளை அதைச் சரிசெய்ய குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்தால், செலவில் புது உரிமையாளருக்கும் பங்கு உண்டு.

இதற்குத்தான் காகிதங்கள். 45 ஆண்டு தாண்டிய கட்டடத்துக்குத் தொழில்நுட்ப ஆய்வு அறிக்கை கட்டாயம். வீடு குடியிருக்கத் தகுதியானது என்ற அரசுச் சான்று தனியாக வேண்டும். கடன், அடமானம் பார்க்க 'நோட்டா சிம்ப்ளே', ஏறக்குறைய நம்மூர் வில்லங்கச் சான்று மாதிரி. சங்கத்துக்குப் பழைய பாக்கி இல்லை என்ற கடிதமும் முக்கியம், ஏனென்றால் முந்தைய ஆண்டுகளின் பாக்கி வாங்குபவர் தலையில் விழும். விலைக்கு மேல் வரி வேறு: பழைய வீடு என்பதால் 2.5 லட்சம் யூரோ வீட்டுக்கு 10 சதவீதம், அதாவது 25,000 யூரோ சொத்து மாற்று வரியாகவே போய்விடும்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஸ்பெயின் சிவில் சட்டம் கறார். 'அர்ராஸ்' என்ற முன்பண ஒப்பந்தத்தில் அப்படிக் குறிப்பிட்டிருந்தால், பின்வாங்கும் வாங்குபவருக்குக் கொடுத்த பணம் திரும்ப வராது. விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் தர வேண்டும். எனவே மேலே சொன்ன காகிதங்களும், உரிமம் எந்தத் தேதி வரை என்ற விவரமும், அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பவை அல்ல.