சும்மாயிருக்கும் சுதந்திரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். பஸ்ஸில் அரைமணி நேரப் பிரயாணம். மேற்கே மலைத்தொடர் கூடவே வருகிறது. ஊர் நெருங்கியதும் பதினொரு நிலைக் கோபுரம் எழுந்து நிற்கிறது. ஆயினும் இளைஞரும் முதியவரும் ஒருங்கே தலை கவிழ்ந்து கைப்பேசியைத் தடவிக் கொண்டிருக்கின்றனர். அரைமணி நேரம் சும்மாயிருக்க இயலாத ஜனங்களாக நாம் ஆகிவிட்டோம். இஃது அற்ப விஷயமென்று சிலர் நகைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

கைப்பேசியை நாம் பகைக்கவில்லை. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வோருக்கும், மலையடிவாரத்து மாந்தோப்புக்காரருக்கும் அதனால் விளையும் உபகாரத்தை மறுப்பது அறிவீனம். வேலைக்கென்று எடுத்த கருவி, வேலை முடிந்த பின்னும் கையை விட்டிறங்க மறுக்கிறதே, அதுதான் நமது முறையீடு.

2014-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். வெற்றறையில் பதினைந்து நிமிஷம் தனியே சிந்தித்திருக்கும்படி விடப்பட்டவர்களில், ஆடவர் 18 பேரில் 12 பேரும், பெண்டிர் 24 பேரில் 6 பேரும், சும்மாயிருக்கமாட்டாமல் தமக்குத் தாமே மின்சார அதிர்ச்சி கொடுத்துக் கொண்டனர். அவ்வதிர்ச்சியைத் தவிர்க்கப் பணமும் தருவோமென்று முன்னர் கூறியவர்களே இவர்கள்!

சலிப்பு அத்தனை கசப்பானது. அக்கசப்பை முதலாக வைத்தே அந்நியக் கம்பெனிகள் வியாபாரம் நடத்துகின்றன. நாம் திரையைப் பார்த்திருக்கும் நேரம் விளம்பரத்தின் வழியே அவர்களுக்குக் காசாகிறது. நமது செல்வம் கடல் கடந்து போவதைக் கணக்கிட்டுக் காட்டினார் தாதாபாய் நௌரோஜி. நமது நாழிகைகள் கடல் கடந்து போவதைக் கணக்கிடுவார் யார்?

நிற்க, சலிப்பைப் பொறுப்பதால் நன்மை யாதென வினவலாம். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்புகையில், காந்தியடிகள் பத்தே நாட்களில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். 1944-ல் ஆமத்நகர் கோட்டைச் சிறையில் ஜவாஹர்லால் நேரு தமது இந்திய தரிசன நூலை எழுதினார். கப்பலும் சிறையும் இல்லாத நாட்களிலும் காந்தியடிகள் திங்கள்தோறும் மௌனம் காத்து, தமக்கென ஓர் ஓய்வை ஏற்படுத்திக் கொண்டார்.

சோம்பலை நாம் போற்றுவதாக எவரும் எண்ணவேண்டாம். வேலையின்றி வாடுவோனிடம் சலிப்பின் பெருமையை உபதேசிப்பது கொடுமை. செய்யவேண்டியதைத் தள்ளிவைப்பது சோம்பல். செய்யவேண்டியது இன்னதென்று மனம் தெளிய இடம் தருவது சும்மாயிருத்தல்.

பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கு ஒரு வார்த்தை. வந்த செய்தியை வந்த வேகத்தில் பத்துப் பேருக்கு அனுப்புவது தேசத்தொண்டாகாது. கோபம் தணியவும், கேட்டது மெய்யோ பொய்யோ என ஆராயவும் சிறிது அவகாசம் வேண்டும். அவ்வவகாசத்தை இழந்தவன் யாரோ ஏவியபடி ஆடுகிறான். தானே முடிவு செய்ததாகவும் நம்புகிறான். இதனினும் பெரிய அடிமைத்தனம் உண்டோ?

2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. வெறுங்கையுடன் வரிசையில் நிற்பவன் முதலில் தவிக்கிறான். பிறகு தூணின் சிற்பத்தைப் பார்க்கிறான். அடுத்து நிற்பவரிடம் ஊர் விசாரிக்கிறான். நன்மைதான். ஆயினும் நீதிமன்றம் உத்தரவிட்டுக் கிடைத்த நன்மை அது. தன்னைத் தானே ஆள்வதன்றோ சுயராஜ்யம்? கோயில் வாசலுக்கு வெளியே உத்தரவிட நீதிபதி இல்லை; அவரவர் மனமே உத்தரவிட வேண்டும்.

ஆகவே, நாளை ராஜபாளையத்தில் பஸ் ஏறும் அன்பர், ஸ்ரீவில்லிபுத்தூர் வரையில் கைப்பேசியைப் பையிலேயே வைத்திருக்கட்டும். முதல் ஐந்து நிமிஷம் வருத்தமாயிருக்கும். பிறகு மலை தெரியும். அதற்கும் பிறகு, நெடுநாளாக ஒத்திவைத்த ஒரு யோசனை மனத்தில் எழக்கூடும். அதற்கு இடங்கொடுக்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்.