நினைவிழந்த பெரியவர்களின் வங்கிப் பணம்

மறதி நோய் முற்றிய ஒருவருக்கு எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்பதை அவரிடமே கேட்டறிய வழியில்லை. பாஸ்புக் வைத்த இடம் முதலில் மறக்கும். பிறகு அப்படியொரு கணக்கு இருந்ததே மறந்துபோகும். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. மருந்துக்கும் பராமரிப்பாளர் சம்பளத்துக்கும் பணம் மிகுதியாகத் தேவைப்படும் ஆண்டுகளில்தான் அவர்கள் சேர்த்துவைத்தது கைக்கு எட்டாமல் கிடக்கிறது.

வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத சேமிப்புக் கணக்கு, ‘செயல்படாத கணக்கு’ ஆகிறது. பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால், 2014-இல் ரிசர்வ் வங்கி உருவாக்கிய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் பணம் மாற்றப்படுகிறது. உரிமை அதோடு போய்விடுவதில்லை. உரியவர் எப்போது கேட்டாலும் வங்கி திருப்பித் தந்தாக வேண்டும். அந்தப் பணத்தைத் தேட 2023 ஆகஸ்ட் 17 அன்று ‘உத்கம்’ இணையதளம் தொடங்கப்பட்டது. பெயருடன் பான் எண், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்தாண்டு கடந்து நிதிக்குப் போன பணத்தை மட்டுமே அது காட்டும். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் நினைவு தடுமாறத் தொடங்கியவரின் கணக்குகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. உத்கமில் விவரம் இல்லை என்பதால் கணக்கே இல்லை என்று குடும்பத்தினர் முடிவுகட்டிவிடக் கூடாது.

எனவே வீட்டில் இருக்கும் காகிதங்களே முதல் ஆதாரம். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் ஆண்டுதோறும் வங்கியில் கொடுத்த 15எச் படிவத்தின் நகல் ஒன்று கிடைத்தாலும், அந்தக் கிளையில் வைப்புத்தொகை இருந்தது உறுதியாகும். பான் எண்ணின் பேரில் வங்கிகள் தெரிவித்த வட்டி, வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வங்கி வாரியாகப் பதிவாகியிருக்கும். தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வரும் நிரந்தர வைப்புகள் பல இப்படித்தான் தெரியவருகின்றன. ஆதார் இணைப்பு நிலையைப் பார்த்தால் கடைசியாக இணைத்த ஒரு வங்கி மட்டுமே தெரியும், மற்றவை தெரியா.

பழைய பாஸ்புக்கில் இருக்கும் வங்கியே இன்று இல்லாமல் போயிருக்கலாம். தமிழ்நாட்டில் இது அடிக்கடி குழப்பும் விஷயம். பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியிலும், மதுரை வங்கி 2001-இல் ஐசிஐசிஐ வங்கியிலும், கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியிலும் இணைந்தன. சிண்டிகேட் வங்கி கனரா வங்கிக்குள் போனதும் 2020-இல்தான். பலகை மாறினாலும் பொறுப்பு மாறாது: இணைத்துக்கொண்ட வங்கியே பழைய கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கு எண்கள் மாறியிருக்கக்கூடும் என்பதால் பழைய கிளையின் பெயரையும் பழைய எண்ணையும் சேர்த்தே எழுதிக் கேட்பது நல்லது.

கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான தடை வருகிறது. இறந்தவரின் பணத்தை வாரிசுதாரர் அல்லது பெயர் நியமனம் பெற்றவர் வாங்கலாம். 2025 நவம்பர் 1 முதல் நால்வர்வரை நியமிக்கவும் முடிகிறது. ஆனால் கணக்குதாரர் உயிரோடிருக்கும்வரை அந்த நியமனம் எதற்கும் உதவாது. நல்ல நினைவோடு இருந்தபோது அவர் எழுதிக்கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும், அவரது மனநிலை திறனிழந்ததும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி முடிவுக்கு வருகிறது. எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ, அந்த நாளில் அது செல்லாது. இங்கிலாந்தில் மனத்திறன் போன பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்குத் தந்திருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பட்டியலில் மறதி நோய் சேராது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையோ, இருவரும் கலந்து முடிவெடுப்பதை அடிப்படையாகக் கொண்டது; நோய் முற்றியவரிடம் அது நடைமுறையில் பொருந்தாது. அதனால் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. நினைவற்றுக் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைப் பாதுகாவலராக நியமித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது. எல்லாக் குடும்பத்துக்கும் அந்தச் செலவு தாங்காது.

வங்கிகளின் எச்சரிக்கையைக் குறை சொல்ல முடியாது. பெரியவரின் பணத்தைச் சொந்தப் பிள்ளைகளே சுரண்டுவதும் நடக்கிறது. அதற்கான பாதுகாப்பு, கதவை அடைத்துவைப்பதில் இல்லை. கணக்குக் காட்டச் சொல்வதில்தான் இருக்கிறது. மருத்துவச் சான்றின் பேரில் மாவட்ட நீதிமன்றமே பாதுகாவலரை நியமித்து, மருத்துவத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் மட்டும் பணம் எடுக்க அனுமதித்து, ஆண்டுதோறும் வரவு செலவைச் சமர்ப்பிக்க வைக்கலாம். மனத்திறன் போன பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தில் இடம் தர ஒரு திருத்தம் போதும்.